திருமணமான தேதி

என் வேலை நியமனக் கடிதத்தில் ஒன்பது நிபந்தனைகள் இருந்தன. கடிதம் ஆங்கிலத்தில் இருந்தது. அப்பாவுக்கு அப்போதே பார்வை மங்கத் தொடங்கியிருந்ததால், வீட்டுக்கு வரும் எல்லாவற்றையும் நான்தான் அவருக்கு வாசித்துக் காட்டுவேன். எட்டாவது நிபந்தனைக்கு வந்ததும், "அதை இன்னொரு தரம் வாசி" என்றார். பெண் ஊழியர் எவரேனும் திருமணம் செய்துகொண்டால், அந்நாள் முதல் அவருடைய பணி தானாகவே முடிவுக்கு வரும் என்று அதில் எழுதியிருந்தது.

"'தானாகவே'ன்னா போட்டிருக்கான்?"

"ஆமாம்ப்பா."

"யாரும் உன்னை அனுப்பலை, அதுவா ஆயிடும்கறான். கெட்டிக்காரன்."

நானும் சிரித்தேன். எனக்குப் பத்தொன்பது வயது. கல்யாணம் என்பது வேறு யாருடைய வீட்டிலோ நடக்கும் காரியமாக இருந்தது. ஒரு தனியார் பள்ளியில் வாத்தியாராக இருந்த அப்பா, பார்வை மங்கியதும் வேலையை விட்டிருந்தார். எனக்குக் கீழே இரண்டு தங்கைகள் பள்ளிக்கூடத்தில் இருந்தார்கள். கையெழுத்திடும்போது என் விரல் நடுங்கவேயில்லை என்பதை இப்போது சற்று வியப்போடு நினைத்துக்கொள்கிறேன். பின்னாளில் அதே பேனாவைத் தொடுவதற்கே அஞ்சினேன்.

அது திருச்சியில், கண்டோன்மென்ட்டைத் தாண்டி இருந்த ஒரு மருந்துக் கம்பெனி. பெரிய டப்பாக்களில் வரும் மருந்தைச் சிறு கண்ணாடிக் குப்பிகளில் அடைத்து மூடி அனுப்புவார்கள். நிரப்பிய குப்பிகளை விளக்குக்கு முன்னால் தலைகீழாகப் பிடித்து, உள்ளே தூசியோ கண்ணாடித் துணுக்கோ மிதக்கிறதா என்று பார்ப்பது என் வேலை. ஐந்து பெண்கள் வரிசையாக உட்கார்ந்திருப்போம். பேச்சுக்கூடாது. பொறுமை வேண்டிய அந்த வேலை எனக்குப் பிடித்திருந்தது.

அறைக்குள் நுழைவதற்கு ஒரு முறை உண்டு. வாசலில் வரிசையாகக் குழாய்கள் இருந்தன. செருப்பைக் கழற்றிவிட்டு, முழங்கை வரை கைகளையும் கணுக்கால் வரை கால்களையும் சோப்புப் போட்டுக் கழுவி, ஈரக்காலோடு ஒரு பலகைமேல் ஏறி நிற்க வேண்டும். எங்கள் மேற்பார்வையாளர் ஒவ்வொருத்தியின் நகங்களையும் பார்ப்பார்; குனிந்து கால் விரல்களையும் பார்ப்பார். வளையல், சங்கிலி எல்லாம் ஆணியில் மாட்டப்படும். பிறகுதான் வெள்ளை அங்கியும் தொப்பியும் கிடைக்கும். பொன்மலை ஆங்கிலோ இந்தியக் குடும்பமொன்றைச் சேர்ந்த அவரை நாங்கள் 'மிஸ்' என்றே அழைத்தோம். நாற்பது வயதைக் கடந்தவர், மணமாகாதவர். அந்தக் கம்பெனி தொடங்கிய நாளிலிருந்து அங்கே இருந்தார்.

என் பக்கத்து இருக்கையில் லால்குடியிலிருந்து ரயிலில் வந்துபோகும் ஓர் அக்கா. வயலும் மாடும் உள்ள குடும்பம். கணவர் பாம்பு கடித்து இறந்தபின் வேலைக்கு வந்தவர். எட்டாம் நிபந்தனை கைம்பெண்களுக்குப் பொருந்தாது. அதைப்பற்றி அவரே ஒருநாள் சாப்பாட்டு வேளையில் சொன்னார்: "இந்தக் கம்பெனிக்கு நம்ம புருஷன் உசிரோட இருந்தாத்தான்டி ஆகாது. செத்துட்டா ஒண்ணுஞ் சொல்ல மாட்டாங்க." எல்லோரும் சிரித்தோம். திருமணத்துக்குப் பிறகு அந்த வாக்கியம் எனக்கு அடிக்கடி நினைவுக்கு வந்து, வேலை முடிந்து என் கணவர் வீடு திரும்பச் சிறிது நேரமானாலும் வாசலுக்கும் உள்ளுக்குமாக நடக்க வைக்கும்.

என்னை மணந்தவர் பொன்மலை ரயில்வே பட்டறையில் தற்காலிக எழுத்தராக இருந்தார். ஸ்ரீரங்கத்தில் எங்களுக்கு இரண்டு தெரு தள்ளி அவர்கள் வீடு. பெண் பார்க்க வந்த அன்றே அப்பா மறைக்காமல் சொல்லிவிட்டார்: இவளுக்குக் கல்யாணம் ஆனால் வேலை போகும், வேலை போனால் தங்கைகளின் படிப்பு நிற்கும், அதனால் இன்னும் சில வருஷம் பொறுக்கலாமென்று நினைக்கிறேன். பெண் பார்க்க வந்தவர், "ஆத்துல எல்லாருக்கும் தெரிஞ்சா போறும். கம்பெனிக்கு எதுக்குத் தெரியணும்?" என்றார். எனக்கு அவரைப் பிடித்துப்போனது அந்தக் கணத்தில்தான். அச்சமும் அந்தக் கணத்திலேயே உள்ளே வந்து அமர்ந்துகொண்டது.

ஆவணியில் திருமணம் நடந்தது. கம்பெனிக்குக் காய்ச்சல் என்று எழுதி அனுப்பினேன். ஆக, காவிரிக்கு வடகரையில் நான் ஒருவரின் மனைவி, தென்கரையில் கன்னி. திருமாங்கல்யச் சரட்டை ரவிக்கையின் உட்புறத்தில் ஊக்கு வைத்துக் குத்திக்கொள்வேன். பின்கழுத்தில் தெரியும் மஞ்சளை அங்கியின் கழுத்துப்பட்டை மறைத்துவிடும். மெட்டிதான் சிக்கல். நாள்தோறும் கழுவிக் காட்ட வேண்டிய காலில் அதை எப்படி மறைப்பது? வீட்டிலேயே கழற்றி வைத்துவிட்டுப் போகிறேன் என்றதற்கு மாமியார் சம்மதிக்கவில்லை. கோபித்துக்கொள்ளவும் இல்லை.

"அக்கரையில நீ என்ன பண்ணுவியோ, பெருமாளுக்குத் தெரியும். இந்த வாசப்படி தாண்டறச்சே கால்ல மெட்டி இருக்கணும், திரும்பி வரச்சேயும் இருக்கணும். அவ்வளவுதான் நான் கேக்கறது."

அதனால் காவிரிப் பாலத்தின்மேல் பஸ் போகும்போது குனிந்து மெட்டிகளைக் கழற்றிக் கைக்குட்டையில் முடிந்துகொள்வேன். மாலையில் அதே பாலத்தில் மறுபடி அணிவேன்.

மூன்றே மாதத்தில் இரண்டாம் விரலைச் சுற்றி ஒரு வெளிர் வளையம் விழுந்துவிட்டது. ஒருநாள் காலை பலகையில் நின்றபோது மிஸ் வழக்கத்தைவிட அதிக நேரம் குனிந்திருந்தார்.

"விரல்ல என்ன அது?"

"செருப்பு வார், மிஸ். புதுச் செருப்பு."

"செருப்பு வார் கட்டை விரல்லதானே இருக்கும்?"

வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அதற்குள் லால்குடி அக்கா, "அவ செருப்பு ரெண்டு சைஸ் பெருசு மிஸ். விரலைக் கண்ட எடத்துல நுழைச்சுக்கிட்டு நடக்குறா. சொன்னா எங்க கேக்குறா?" என்றார். மிஸ் நிமிர்ந்தார். அடுத்தவளின் நகங்களைப் பார்க்கப் போய்விட்டார். என் இருக்கைக்கு வந்து முதல் குப்பியை அவசரமாகத் தலைகீழாக்கியதில் உள்ளிருந்த மருந்து நுரைத்துவிட்டது. நுரை அடங்கும்வரை காத்திருந்து மறுபடி பார்த்தேன்.

அன்று மாலை அக்கா என் காதருகே, "கால் வெரல் பத்துக்கும் மருதாணி வச்சுக்கிட்டு வா. தொப்பி மாதிரி வைக்காதே, வளையம் வரைக்கும் இறக்கி வை" என்றார். நான் அவரிடம் எதையும் சொல்லியிருக்கவில்லை. அவரும் அதற்குமேல் எதையும் கேட்கவில்லை. அதிலிருந்து பத்து நாளுக்கொருமுறை மருதாணி அரைத்தேன். 'கல்யாணப் பொண்ணு கால்' என்று கேலி செய்வார்கள். சிரித்து வைப்பேன்.

மார்கழியில் வைகுண்ட ஏகாதசிக் கூட்டம். பஸ்ஸில் நிற்கவே இடமில்லை. பாலத்தின்மேல் குனிய முடியாமல், ஒரு காலைத் தூக்கி வலது மெட்டியை மட்டும் எப்படியோ கழற்றினேன். இடது மெட்டியைக் கழற்றுவதற்குள் பஸ் சிந்தாமணியில் நின்று, எங்கள் கம்பெனியின் பேக்கிங் பிரிவுப் பெண்கள் இருவர் ஏறிவிட்டார்கள். அவர்களைக் கண்ட பதற்றத்தில் விரலிலிருந்து உருவிய மெட்டி கைநழுவியது. உலோகம் உருளும் அந்தச் சிறிய ஓசையை அத்தனை இரைச்சலுக்கு நடுவிலும் கேட்டேன்.

கண்டக்டர் எடுத்துவிட்டார். விரல்நுனியில் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "யாருதும்மா இது? வெள்ளி மெட்டி! ஒத்தையா வந்து உருளுது. சொந்தக்காரங்க சீக்கிரம் சொல்லுங்க, அடுத்த ஸ்டாப்ல நான் ஜோடி தேடிக் கிளம்பிடுவேன்" என்றார்.

பஸ்ஸே சிரித்தது. "எவ தொலைச்சாளோ, மாமியா கையில இன்னிக்கு அவளுக்கு அபிஷேகம்தான்" என்றாள் கூடையோடு நின்ற ஒரு கிழவி.

பேக்கிங் பெண்களில் இளையவள் என் பக்கம் திரும்பி, "அக்கா, உங்க காலுக்கடியிலேருந்துதான் உருண்டுச்சு" என்றாள்.

நான் சொன்ன பதில் எனக்கு இன்னும் சொல் மாறாமல் நினைவிருக்கிறது. "எனக்கெதுக்குடி மெட்டி? எனக்கென்ன கல்யாணமா ஆயிடுத்து?"

"அப்போ ரெங்கநாதர் உண்டியலுக்குத்தான்" என்று கண்டக்டர் அதைத் தோல்பைக்குள் போட்டுக்கொண்டார். அக்கினி சாட்சியாக என் கணவர் என் காலைப் பிடித்து அம்மிமேல் வைத்து அணிவித்த மெட்டி அது. சத்திரம் பஸ் நிலையம் வரும்வரை அந்தப் பையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

வேலை முடிந்ததும் மலைக்கோட்டைக் கடைத்தெருவுக்கு ஓடினேன். "ஒத்தை மெட்டி குடுக்குறதில்லீங்க, நல்லதில்லை. ஜோடியா வாங்குங்க" என்றார் கடைக்காரர். ஜோடியாகவே வாங்கி அணிந்துகொண்டு வாசற்படி ஏறினேன். மாமியார் சாயங்கால விளக்கை ஏற்றிக்கொண்டிருந்தவர், என் காலைப் பார்த்தார். புது வெள்ளியின் மினுக்கம் அந்த வெளிச்சத்தில் நன்றாகவே தெரிந்தது.

"கால் அலம்பிண்டு வா. காபி கலந்து தரேன்" என்றார். இரண்டு நாள் கழித்து, அவர் தம் பிள்ளையின் பெயருக்கு ஒரு மண்டலம் அர்ச்சனை செய்யச் சொல்லியிருப்பது தற்செயலாகத் தெரிய வந்தது. ஒற்றை மெட்டி தொலைவது அவர் மனத்தில் எதைக் குறித்ததோ அதை என்னிடம் சொல்லாமல் தாமே சுமந்திருக்கிறார். என் பயத்தில் அவருக்கும் பங்கு கொடுத்துவிட்டேன் என்று அன்று புரிந்தது.

பஸ்ஸில் கிடைத்த மெட்டியின் கதை கம்பெனிக்கும் வந்து சேர்ந்தது. பேக்கிங் பெண்கள் குழாயடியில் அதை வேடிக்கையாகச் சொல்லிக்கொண்டிருந்தபோது மிஸ் பலகை அருகே நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

ஜனவரியில் உறுதிமொழிப் படிவம் வரும். 'நான் மணமாகாதவள்' என்று, கைம்பெண்களைத் தவிர ஒவ்வொரு பெண்ணும் ஆண்டுதோறும் கையெழுத்திட வேண்டும். மற்றவர்கள் தத்தம் இருக்கையிலேயே கையெழுத்திட்டுக் கொடுத்தார்கள். என்னை மட்டும் மிஸ் தம்முடைய கண்ணாடித் தடுப்புக்குள் கூப்பிட்டார். படிவத்தை என் பக்கம் திருப்பிவைத்து, அடியில் இருந்த இன்னொரு வரியை விரலால் காட்டினார். 'நான் அறிந்தவரை மேற்கண்ட விவரம் உண்மை' என்ற அந்த வரியின் கீழ் அவர் கையெழுத்திட வேண்டும். முந்தைய ஆண்டுகளில் நான் அந்த வரியைக் கவனித்ததே இல்லை.

"நான் உன்னை ஒண்ணும் கேக்கப் போறதில்லை," என்றார். "கேட்டா எனக்குத் தெரிஞ்சுடும். தெரிஞ்சா நான் இதுல கையெழுத்துப் போட முடியாது."

நான் பேனாவை எடுத்தேன்.

"எனக்குன்னு இருக்கறது இந்த வேலை ஒண்ணுதான். அதை மட்டும் ஞாபகம் வச்சுக்கிட்டுப் போடு."

தங்கைகளை நினைத்தேன். பெரியவள் அப்போது ஆசிரியர் பயிற்சியில் சேர்ந்திருந்தாள். சின்னவள் எட்டாவது படித்தாள். கையெழுத்திட்டேன். மிஸ் பேனாவை வாங்கி, ஒரு கணமும் தயங்காமல் தம் பெயரை அதன்கீழ் எழுதினார். மை உலரும்வரை இருவரும் அந்தத் தாளையே பார்த்திருந்தோம். அதுவரை என் ஒருத்தியின் வேலைக்காக அஞ்சிக்கொண்டிருந்தேன். அன்றிலிருந்து, நான் அகப்பட்டால் அவரும் அகப்படுவார்.

வெள்ளிக்கிழமைகளில் மாமியாரோடு தாயார் சந்நிதிக்குப் போவேன். அவர் கண்மூடி, உதடு அசைய, "தாயாரே, அடுத்த வருஷம் இந்த நாளைக்கு என் ஆத்துல தொட்டில் ஆடணும்" என்று வேண்டிக்கொள்வார். அவருடைய தோளில் என் தோள் பட, நான் வேண்டுவது வேறு: "இந்த வருஷம் வேண்டாம், தாயே." உலகத்துப் பெண்களெல்லாம் எதற்காக அங்கே வந்து நிற்கிறார்களோ, அதற்கு எதிரானதைக் கேட்டு நின்றேன். பட்டர் இருவர் கையிலும் ஒரே மஞ்சள்காப்பைப் போடுவார். ஒவ்வொரு மாதமும் அந்தச் சில நாள்கள் தள்ளிப்போகும்போது எனக்குச் சோறு இறங்காது. பிறகு வேண்டியபடி ஆகிவிட்டால், மாமியாரின் முகத்தைப் பார்க்க முடியாது.

மறு ஜனவரியிலும் கையெழுத்திட்டோம், நானும் மிஸ்ஸும். அந்த ஆண்டு புரட்டாசியில் நான் கர்ப்பம் என்பது நிச்சயமாகிவிட்டது. மாமியாரின் குரல்தான் தாயாருக்குக் கேட்டிருக்கிறது. வீட்டில் எல்லோரும் மகிழ்ந்தார்கள். என் கணவர் அலுவலகத்திலிருந்து வரும்போது வாழையிலையில் கட்டிய மல்லிகை வாங்கி வந்தார். நான் அதைத் தலையில் வைத்துக்கொண்டு அழுதேன். அதற்குச் சந்தோஷம் என்று பொருள்கொண்டார்கள். முழுவதும் தவறென்று சொல்ல மாட்டேன்.

மருந்து நெடி குமட்டியது. அங்கி இறுகத் தொடங்கியது. கார்த்திகையில் அக்கா ஒருநாள் என் தட்டிலிருந்த குப்பிகளைத் தம் தட்டுக்கு மாற்றிக்கொண்டே, "அவங்க கண்டுபிடிக்கிறதுக்கு முந்தி நீயா சொல்லிடு. மிஸ்கிட்ட மட்டும் சொல்லு" என்றார்.

சொன்னேன். மிஸ் கண்ணாடித் தடுப்பின் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார். என் வயிற்றைப் பார்க்கவில்லை.

"கல்யாணம் நிச்சயமாயிருக்குன்னு எழுதிக் குடு. வர்ற மாசம் நடக்கப் போகுதுன்னு."

"மார்கழில எங்களவா கல்யாணம் பண்றதில்லை மிஸ்."

"அப்போ அதுக்கடுத்த மாசம். ஒரு தேதி போடு. காரணம் சொல்லாமப் போனா விசாரிப்பாங்க. கல்யாணம்னா யாரும் விசாரிக்க மாட்டாங்க."

தை ஏழாம் தேதி என்று எழுதிக்கொடுத்தேன். பஞ்சாங்கத்தைக்கூடப் பார்க்கவில்லை.

திருமணத்தால் விலகும் பெண்ணுக்குக் கம்பெனியில் ஒரு பிரிவுபசாரம் உண்டு. எல்லாப் பிரிவுப் பெண்களும் கூடுவார்கள். கேசரி, காபி. மேனேஜர் ஒரு தட்டை நீட்டுவார். அதில் ஒரு வெள்ளிக் குங்குமச் சிமிழும், பணி முடிவுக் கடிதமும் அருகருகே இருக்கும். எனக்கும் மாலை போட்டார்கள். புடவைத் தலைப்பை வயிற்றின்மேல் இழுத்து இழுத்து விட்டுக்கொண்டு நின்றேன்.

"மாப்பிள்ளை எப்படி, நல்ல கலரா?" என்றாள் பேக்கிங் பிரிவு இளையவள்.

"இப்பவே வெக்கத்துல மூஞ்சி வெளுத்துப்போச்சு பாரு!"

"கல்யாணக் களை வந்து உடம்பு கொஞ்சம் பூசினாப்பல இருக்கில்ல?"

கடைசியாகச் சொன்னவள் எதையும் மனத்தில் வைத்துச் சொல்லவில்லை. ஆனால் நான் மாலையை வயிற்றின்மேல் இறக்கிவிட்டுக்கொண்டேன். லால்குடி அக்கா கேசரித் தட்டோடு எனக்கு முன்னால் வந்து நின்றுகொண்டு, "கல்யாணப் பொண்ணு பூசினாப்பல இல்லாம உன்னைய மாதிரி முருங்கைக்காயாவா இருப்பா?" என்றார். சிரிப்பு அவள் பக்கம் திரும்பியது. மேனேஜர் நல்ல மனிதர். "முகூர்த்தம் தை ஏழுதானே? நாங்களெல்லாம் வரணுமா, வேண்டாமா?" என்று கேட்டார். "ஊர்ல நடக்கறது சார், ரொம்ப தூரம்" என்றேன். மிஸ் எல்லோருக்கும் பின்னால், கதவோரம் நின்று கைதட்டினார். மற்றவர்கள் நிறுத்தியபின்னும் ஒருமுறை தட்டினார் என்று நினைக்கிறேன்.

வைகாசியில் எனக்குப் பெண் பிறந்தாள். சின்னத் தங்கையின் படிப்பு பத்தாவதோடு நின்றது. அவள் அதைப்பற்றி என்னிடம் ஒரு சொல் பேசியதில்லை, பேசியிருக்கலாம்.

குழந்தைக்கு இரண்டு வயது நிறைந்திருந்தபோது லால்குடி அக்கா எங்கள் வீட்டுக்கு வந்தார். கை நிறைய வாழைப்பழமும், முகம் நிறையச் செய்தியும். எங்கோ வடக்கே ஒரு மருந்துக் கம்பெனிப் பெண்கள் கோர்ட்டுக்குப் போய் ஜெயித்துவிட்டார்களாம். எங்கள் கம்பெனி யூனியனும் அதைக் காட்டிப் பேச, எட்டாவது நிபந்தனையை எடுத்துவிட்டார்களாம். கல்யாணத்தால் வேலை இழந்தவர்கள் மாதக் கடைசிக்குள் எழுதிக்கொடுத்தால் திரும்ப எடுத்துக்கொள்வார்களாம்.

"உன் சீட்டு காலியாத்தான்டி கெடக்கு. புதுசா வந்தவளுக்குக் கண்ணு பத்தலை, நுரைக்கும் தூசிக்கும் வித்தியாசம் தெரியலை" என்று இடுப்பிலிருந்து படிவத்தை எடுத்து நீட்டினார்.

மாமியார் குழந்தையைத் தூக்கிக்கொண்டு, "நீ போ. இவளை நான் பாத்துக்கறேன்" என்றார். நான் படிவத்தைக் கூடத்தில் விரித்து, பென்சிலால் நிரப்பத் தொடங்கினேன். பெயர். தகப்பனார் பெயர். படிப்பு. பணியாற்றிய பிரிவு. பிறகு, திருமணமான தேதி. அதற்கடுத்து, குழந்தைகள் இருப்பின் பிறந்த தேதி.

பென்சில் நின்றது.

"என்னடி?" என்றார் அக்கா.

"மிஸ் இன்னும் அங்கதானே இருக்கார்?"

"இருக்காங்களே. ரிட்டையராக இன்னும் ரொம்ப வருஷம் கெடக்கு."

ஆவணியை எழுதினால், என் பழைய உறுதிமொழித் தாள்கள் இரண்டும் பொய். அவற்றின் அடியில் மிஸ்ஸின் கையெழுத்து. கம்பெனியின் கடிதத்தில் ஏறிவிட்ட தை ஏழாம் தேதியை எழுதினால், கல்யாணமாகி நான்கே மாதத்தில், வைகாசியில் பிறந்தவள் என்று என் பெண்ணை எழுத வேண்டும். இரண்டையும் அக்காவிடம் மெல்லிய குரலில் சொன்னேன். விரல் விட்டு மாதங்களை எண்ணிப் பார்த்தார். பிறகு எண்ணுவதை நிறுத்திவிட்டு, மாமியாரின் தோளில் தூங்கத் தொடங்கியிருந்த குழந்தையைப் பார்த்தார்.

"யாரு போயி பழைய தாளையெல்லாம் எடுத்துப் பாக்கப் போறா?" என்றார். அவருக்கே அதில் நம்பிக்கை இருந்ததாகத் தெரியவில்லை.

படிவத்தை மாதக் கடைசிவரை வைத்திருந்தேன். என் கணவரும் ஒருமுறை கேட்டார், "எழுதிட்டியா?" என்று. "இன்னும் இல்லை" என்றேன். என்னைத் தடுத்த நிபந்தனையை எடுத்துவிட்டார்கள். அதற்குப் பயந்து நான் சொன்னவற்றை யாராலும் எடுக்க முடியவில்லை. கடைசித் தேதியன்று காலை, நான் முன்பு கம்பெனிக்கு ஏறும் அந்த பஸ் புறப்படும் நேரத்துக்கு, குழந்தைக்குச் சோறு பிசைந்து ஊட்டிக்கொண்டிருந்தேன். அவள் இரண்டு வாய்தான் வாங்கினாள்.